விரைவில் எழுதப்படும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரித்துத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டும் என்று நம் இருவருக்கும் ஒரே வாத்தியார்தான் சொல்லிக்கொடுத்தார். எங்கள் நலம் உனக்குத் தெரியும். உன் நலம்தான் எனக்குத் தெரியவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் திறந்துகூடப் பார்ப்பதில்லை. அதனால்தான் உட்கார்ந்து கடிதம் எழுதுகிறேன். கடிதத்தில் ஒரு வசதி, "அப்புறம் கூப்பிடுறேன்க்கா" என்று நீ பாதியில் வைத்துவிட முடியாது.

முதலில் நல்ல சேதி. உன் மனைவி குழந்தையின் படங்களை அனுப்பியிருந்தாள். கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்து அவள் மார்மேல் போட்டிருக்கிற படத்தைப் பார்த்து, அடுப்பை அணைக்காமலே நின்று அழுதுவிட்டேன். மூக்கு அப்படியே உன்னுடையது. பாவம், அதற்கு யார் என்ன செய்ய முடியும். எடை ஏறிவிட்டது, இனிப் பயமில்லை என்று டாக்டர் சொன்னாராம். அந்த வார்த்தைக்காக இங்கே நாங்களும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இருந்தோம். நீ குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறாய், தூக்கச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்கிறாய் என்று எழுதியிருந்தாள். குறைமாதத்தில் பிறந்ததைத் தூக்க எந்த அப்பனும் பயப்படுவான். உன் பயம் அது மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அத்தானுக்குக் கழுத்துப் புண் ஆறிவிட்டது. கழுத்தில் ஒரு சின்னத் துளை, இனி அதன் வழியாகத்தான் மூச்சு. அதைச் சுத்தம் செய்ய நர்ஸம்மா எங்கள் இருவருக்கும் கற்றுக்கொடுத்தார். என்னைவிட அவரே நன்றாகச் செய்கிறார். கட்டி முழுதாக எடுபட்டுவிட்டது என்கிறார் டாக்டர். ஆள் பிழைத்தார். அதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் நான் நன்றி கெட்டவள்.

டிரைவிங் பள்ளிக்குத் திரும்பப் போகிறார். வண்டியில் இல்லை, ஆபீஸில். பேச்சில்லாத ஆள் பக்கத்தில் உட்கார்ந்து வண்டி ஓட்ட எப்படிக் கற்றுக்கொடுப்பது? முதலாளி நல்ல மனுஷன், "நீங்க சும்மா உக்காந்து ஃபைலப் பாத்துக்குங்க மாஸ்டர்" என்றாராம். கிளட்ச் மாஸ்டர், கிளட்ச் மாஸ்டர் என்று தேடி வந்து கற்றுக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர். இப்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, புதிதாகச் சேர்ந்தவர்கள் வண்டியைக் கிளப்பத் தெரியாமல் குலுங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மேசைக்கு அடியில் அவர் கால் தானாகவே கிளட்சை மிதிக்கிறதாம். நான் சிரிப்பேன் என்று நினைத்து இதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினார். சிரித்துவைத்தேன்.

வீட்டில் எல்லாம் அந்த வெள்ளைச் சிலேட்டில்தான். சண்டைதான் சரியாக வரமாட்டேன் என்கிறது. நான் நாலு வார்த்தை சொன்னால் அவர் எட்டுச் சொல்கிற ஆள் என்று உனக்குத் தெரியாதா? இப்போது அவர் பேனாவைத் தேடி, மூடியைக் கழற்றி, எழுதி முடிப்பதற்குள் என் கோபம் ஆறிப்போய் நான் துணி மடிக்கப் போய்விடுகிறேன். பின்னாலேயே சிலேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அதில் பாதி எழுத்து அழிந்திருக்கும்.

டைப் அடித்ததைப் பேசிக் காட்டுகிற உன் புரோகிராமில் ஏற்கனவே இருக்கிற அந்தப் பொதுக் குரலையும் போட்டுப் பார்த்தோம். செய்தி வாசிக்கிறவர் போல ஒரு ஆள். "தயவுசெய்து தண்ணீர் கொண்டு வரவும்" என்றது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு தயவுசெய்து வந்ததில்லை. "ஏய், தண்ணி" என்பார், நான் "கையில்லையா" என்பேன், அவரே எழுந்து போய்க் குடிப்பார். முதல் நாள் இருவரும் சிரித்தோம். மறுநாள் காலையில் அந்தக் குரலை வைத்து எங்கள் அணில் பெண்ணை எழுப்பினார். உன் மருமகள் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு, உள்ளேயிருந்து, "அந்த ஆள நிறுத்தச் சொல்லும்மா" என்றாள். அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். அதிலிருந்து கைதட்டித்தான் எழுப்புகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன்மேல் கோபம். பொத்திப் பொத்தி வைத்தால் அது வேறு எங்கேயாவது போய் வெடிக்கும், அதனால் சொல்லிவிடுகிறேன்.

ஆபரேஷன் செய்தால் பேச்சு போய்விடும் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு, "போறதுக்கு முன்னாடி குரலச் சேத்து வெச்சிடலாம்க்கா, நான் இருக்கேன்ல" என்றாய். எங்களுக்குத் தெம்பு வந்ததே அந்த ஒரு வார்த்தையில்தான். நீயும் உன் கூட்டாளிகள் இரண்டு பேரும் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் செய்த புரோகிராம். ஆள் பேசிப் பதிவுசெய்து வைத்தால், பிறகு டைப் அடிப்பதை அந்த ஆளின் குரலிலேயே பேசும். உலகத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நான் வேலை பார்க்கிற பல் ஆஸ்பத்திரியில், பல்லைப் பிடித்துக்கொண்டு வந்தவர்களிடம்கூட என் தம்பி பெருமையைப் பேசினேன்.

பக்கத்தில் வெல்டிங் பட்டறை இருப்பதால் வீட்டில் பதிவுசெய்ய முடியவில்லை. பயிற்சி வண்டியை மைதானத்து மூலையில் நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஏற்றி, மைக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வாசித்தார். நான் பக்கத்து சீட்டில் விசிறிக்கொண்டிருந்தேன். "ஆட்டுக்குட்டி ஏணியில் ஏறி ஆகாயம் பார்த்தது" என்றெல்லாம் நீங்கள் கொடுத்த வாக்கியங்களைப் பார்த்து, "எவன்டா இத எழுதினவன், அவனுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா" என்று கேட்டார். எல்லா ஒலியும் வர வேண்டும் என்பதற்காக அப்படி எழுதியது என்று நீ சொன்னாய். தொண்டை கமறக் கமற, வெந்நீர் குடித்துக் குடித்து முழுதையும் வாசித்தார். அதற்குப் பிறகு தன் சொந்த வார்த்தைகள். "மெதுவா, மெதுவா, கிளட்ச்ச மெதுவா விடு." என்னைக் கூப்பிடுகிற "ஏய்". அணிலை எழுப்புகிற மாதிரி ஒரு அணில், அதட்டுகிற மாதிரி ஒரு அணில், ஒன்றுமில்லாமல் சும்மா கூப்பிடுகிற மாதிரி ஒரு அணில். அந்த மூன்றாவதைச் சொல்லும்போது கொஞ்சம் உடைந்துபோய், "இது நல்லால்ல, திரும்பப் பண்றேன்" என்று இன்னொரு தடவை சொன்னார்.

ஆபரேஷனைச் சொன்ன தேதிக்கு முன்னாலேயே வைத்துவிட்டார்கள். அதே வாரம் உன் மனைவிக்கு வலி கண்டுவிட்டது. பதிவெல்லாம் முடிந்தது, இனி என்ன செய்வது என்று உன்னைக் கேட்கப் போனை எடுத்தேன். அத்தான்தான் தடுத்தார். "பச்சப் புள்ளைக்காரன், அங்க உசுரு ஊசலாடிட்டு இருக்கு, இப்பப் போயி அவனத் தொந்தரவு பண்ணாத. எல்லாம் அவன் நெட்டுப் பக்கத்துல எழுதியிருப்பான், பாத்துக்கலாம்" என்றார். அவர் வாயால் உன்னைப் பற்றிச் சொன்ன கடைசிப் பேச்சு அது.

ஆபரேஷன் முடிந்து அவர் எழுந்து உட்கார்ந்ததும், நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரத்தில், லேப்டாப்பைத் திறந்திருக்கிறார். நான் திரும்பி வரும்போது தன் குரலில் "ஏய்" என்று கூப்பிட வேண்டும் என்று ஆசை. குரலை உருவாக்கப் புதிய பதிப்பு வேண்டும், நிறுவலாமா என்று உன் புரோகிராம் கேட்டிருக்கிறது. அவர் சட்டென்று அமுக்கவில்லை தம்பி. போர்டைப் பார்க்காமல் வண்டியை நகர்த்தாதே என்று ஊருக்கே சொல்கிறவர். இணையத்தில் உன் பக்கத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். "பதிவுகளைப் பாதுகாத்து வைப்பது எப்படி" என்று தடித்த எழுத்தில் தலைப்பு இருக்கிறது. அதன் கீழே, "இந்தப் பகுதி விரைவில் எழுதப்படும்." அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் அமுக்கினார்.

நீ குழந்தை இருந்த ஆஸ்பத்திரியிலிருந்தே எங்கள் லேப்டாப்புக்குள் வந்து பார்த்தாய். நாங்கள் இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்புக்குறி தானாக அங்கே போனது, இங்கே போனது, ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்தது, மூடியது, திரும்பவும் அதையே திறந்தது. பிறகு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. நீண்ட நேரம் அசையவே இல்லை. பிறகு போனில், "இல்லக்கா, எதுவுமே இல்ல" என்றாய். புதுசு போட்டால் பதிவெல்லாம் இருக்கிற பழைய ஃபோல்டர் அழிந்துவிடும், எல்லோரும் முன்னாடியே காப்பி எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்றாய். எல்லோரும் என்றால் யார் என்று நான் கேட்டேன். அன்றைக்கு வைத்த போன்தான்.

அழிந்ததை எடுத்துத் தருகிற கடைகளுக்கெல்லாம் அலைந்துவிட்டேன். ஒருவரும் தேறாது என்றுவிட்டார்கள். வீட்டு வீடியோக்களில் தேடினால், படம் பிடிக்கிற ஆளே அவர்தான், "இந்தப் பக்கம் பாரு" என்பதைத் தவிர வேறில்லை. அதிலும் பாதி வெல்டிங் சத்தம்.

உன் பக்கத்தில் காலியாகக் கிடக்கிற அந்த இடத்தை நிரப்பு தம்பி. நாலு வரி போதும். எங்களுக்கு இனி அது உதவாது, தெரியும். ஆனாலும் நிரப்பு. குழந்தையைத் தூக்கு. மனைவியைத் தூங்க விடு.

கோபம் தீராத,
உன் அக்கா

* * *

அன்புள்ள தம்பிக்கு,

முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. படித்தாய் என்று உன் மனைவி சொன்னாள். படித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிகிறாயாம். இதை அவளுக்கே அனுப்பி, அச்செடுத்து உன் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். படிக்காமல் எழுந்திருக்கக் கூடாது.

நீ போட்டிருக்கிற அறிவிப்பைப் பார்த்தோம். மாதக் கடைசியோடு புரோகிராமை எடுத்துவிடப் போகிறேன், இதனால் இனி யாருக்கும் தீங்கு வரக் கூடாது என்று எழுதியிருக்கிறாய். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதையாக இருக்கிறது. எனக்கு வயிறு எரிந்தது எதில் தெரியுமா? அந்த அறிவிப்பு அவ்வளவு தெளிவாக இருந்தது. எப்போது, எதை, ஏன் என்று ஒன்று விடாமல், எனக்கே ஒரே வாசிப்பில் புரிகிற மாதிரி எழுதியிருந்தாய். டாகுமென்டேஷன், அதான் இதை இப்படி இப்படிச் செய்யுங்கள் என்று விளக்கம் எழுதுவதுதான் எனக்கு வராதுக்கா, போரடிக்கும் என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். மூடுவதற்கு மட்டும் கை நன்றாக வருகிறதே.

உன்னைத் திட்டுவதற்காக உன் பக்கத்தில் ஆட்கள் சந்தேகம் கேட்கிற அந்தக் கேள்வி பதில் இடத்தைத் திறந்தேன். பழையதிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் படித்தேன், அணில் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொன்னாள். திட்ட முடியவில்லை. யார் யாரோ, எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து கேட்கிறார்கள். ஒருவரை விடாமல் நீ உதவியிருக்கிறாய். தனியாகக் கூப்பிடுங்கள் என்று உன் நம்பரைக் கொடுத்திருக்கிறாய். ஒரு கிழவருக்காக ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனிலேயே இருந்திருக்கிறாய் என்று அவர் பேத்தி நன்றி எழுதியிருக்கிறாள். அவளும் பதிவை எப்படிப் பாதுகாப்பது என்றுதான் கேட்டிருந்தாள். அவளுக்குச் சொன்னாய். அவளுக்கு முன்னால் ஒரு பாடகருக்குச் சொல்லியிருக்கிறாய். எல்லாவற்றையும் தனியாக, போனில். பக்கத்தில் ஒரு எழுத்து ஏறவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கர்ணன் மாதிரி அள்ளிக் கொடுத்துவிட்டு, கேட்கக் கூச்சப்பட்டவர்களுக்கு ஒன்றும் வைக்காமல் விட்டிருக்கிறாய். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான், கேட்டால் உயிரையும் கொடுப்பாய். உன் அத்தான் கேட்கவில்லை. உன்மேல் இருந்த பாசத்தால்தான் கேட்கவில்லை.

எங்கள் பல் ஆஸ்பத்திரியில், பல் பிடுங்கிக்கொண்டு போகிறவர்கள் எல்லோரும் எப்போது சாப்பிடலாம் என்று கேட்பார்கள். டாக்டர் பொறுமையாக ஒவ்வொருவருக்கும் சொல்வார். வாயில் பஞ்சை வைத்துக்கொண்டிருப்பவர் கேட்கவும் முடியாமல், சொன்னது மண்டையில் ஏறவும் முடியாமல் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். பிறகு வீட்டிலிருந்து போன் வரும். மருந்துச் சீட்டின் பின்பக்கத்திலேயே அச்சடித்துவிடுங்கள் டாக்டர் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அவர் இன்னும் வாயாலும் சொல்கிறார். ஆனால் வலியில் இருப்பவர் வீட்டுக்குப் போய்ப் படித்துக்கொள்ள ஒரு இடம் இருக்கிறது.

உன் பக்கத்தைப் படிப்பவர் யார் என்று நீ நினைத்தாய்? உன்னைப் போல மேசையில் காப்பியோடு உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளையா? "சும்மா இதை இயக்கினால் போதும்" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். சும்மா செய்ய முடிகிறவர்கள் எவரும் அங்கே வருவதில்லை தம்பி. ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு கையில் ஸ்கேன் படம், ஒரு கையில் போன், சிக்னல் வந்து வந்து போக, டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படிப்பவர்கள் அவர்கள். அப்படித்தான் நான் படித்தேன். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன், புரியாததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.

இப்போது சொல்லப்போவதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று அத்தான் எழுதிக் காட்டிவிட்டார். சொல்கிறேன்.

போன வாரம் மத்தியானம் வேலையிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். அவர் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார், நான் வந்தது தெரியவில்லை. உன் பக்கத்தைத் திறந்து வைத்து, திரைமேல் விரலை வைத்து, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி வரி வரியாக மேலிருந்து கீழே வருகிறார். கடைசிக்கு வந்ததும் திரும்ப மேலே போகிறார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன். சிலேட்டில் எழுதினார். "எங்கயாவது எழுதியிருப்பான். நான்தான் பாக்காம விட்டிருப்பேன்."

தினமும் தேடுகிறாராம். எழுதவில்லை, அங்கே எதுவும் இல்லை, நானும் பார்த்துவிட்டேன் என்று சத்தியம் செய்தேன். தலையை ஆட்டுகிறார், நம்பவில்லை. அவ்வளவு பெரிய புரோகிராம் செய்கிற ஆட்கள் இதை எழுதாமல் இருப்பார்களா, உலகத்தில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, தான் ஒருவன் மட்டும் அவசரப்பட்டு அமுக்கித் தன் குரலைத் தானே அழித்துவிட்டோம் என்று நினைக்கிறார். உங்கள் தப்பில்லை அத்தான் என்று அன்றைக்குப் போனில் நீ அவரிடம் அழுதாய். ஆறுதலுக்குச் சொல்கிறான் என்று எழுதினார். நான் சொன்னால் பெண்டாட்டி வேறு என்ன சொல்வாள் என்கிறார். அன்றைக்கு நான் அவர் முதுகில் தலையை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதேன். அவர் அழுததும் எனக்குத் தெரிந்தது, முதுகு குலுங்கியது. சத்தம்தான் இல்லை.

நீ எனக்கு எழுதுகிற மன்னிப்பு இதற்கு உதவாது. அந்தப் பக்கத்தில், உலகம் பார்க்கிற இடத்தில் எழுது. புதிய பதிப்பைப் போட்டால் பழைய பதிவுகள் அழியும், அதற்கு முன்னால் இப்படி இப்படிச் செய்து காப்பி எடுத்து வையுங்கள், இது இதுவரை இங்கே எழுதப்படவில்லை, எழுதாதது எங்கள் தவறு என்று எழுது. அதை அவர் விரல் வைத்துப் படிக்கட்டும். அச்சில் இருப்பதைத்தான் அந்த மனுஷன் நம்புவார். நீ அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டால், தான் விட்ட வரி அதில் எங்கோ இருந்தது என்றே சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார். என் வீட்டில் ஒரு ஆள் அமுக்கியது நான் என்கிறார், அங்கே நீ, எழுதாதது நான் என்று மூலையில் உட்கார்ந்திருக்கிறாய். இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒருத்தி.

இன்னொன்றும் இருக்கிறது, அவசரம் அதில்தான். உன் அறிவிப்புக்குக் கீழே ஒரு பெண் எழுதியிருக்கிறாள். நீ பார்த்தாயா என்று தெரியவில்லை. அவளுக்கும் இதே ஆபரேஷன், வருகிற வெள்ளிக்கிழமை. சின்னக் குழந்தை இருக்கிறதாம், இன்னும் பேச்சு வரவில்லையாம். தான் சொல்லிக் கேட்டுத்தானே அது பேசக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எல்லாவற்றையும் பதிவுசெய்து முடித்துவிட்டாள். பாதுகாப்பது எப்படி என்ற பகுதி காலியாக இருக்கிறதே, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தாள். பதில் இல்லை என்றதும் மறுநாள் திரும்பக் கேட்டாள். மூன்றாவது தடவை, தொந்தரவுக்கு மன்னிக்க வேண்டும், எனக்குக் கம்ப்யூட்டர் அவ்வளவாகத் தெரியாது, என் தவறுதான் என்று எழுதியிருக்கிறாள். அவளும் தன்னையேதான் திட்டிக்கொள்கிறாள் தம்பி.

புதிய பதிப்பைப் போடாதீர்கள், எதையும் அமுக்காதீர்கள் என்று அணிலை விட்டு எழுதச் சொன்னேன். உடனே நன்றி சொல்லிவிட்டு, சரி, பிறகு என்ன செய்வது என்று கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? எந்த ஃபோல்டர், அது எங்கே ஒளிந்திருக்கிறது, அதை எடுத்து எங்கே வைப்பது? உன் கூட்டாளிகளைக் கேட்டேன். அந்தப் பகுதியைச் செய்தது நீதான், எங்களுக்கு உள்ளே முழுதாகத் தெரியாது, தெரியாமல் கை வைத்தால் ஆபத்து, அவரைத்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

இந்தக் கடிதத்தை அத்தானிடம் காட்டினேன். அவரைப் பற்றி எழுதிய இடத்தில் முறைத்தார், அடித்துவிடச் சொல்லவில்லை. தானும் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று சிலேட்டில் எழுதி அழித்து, எழுதி அழித்து, கடைசியில் இதைக் கொடுத்தார். அப்படியே எழுதுகிறேன். "மாப்ள, கத்துக்க வந்தவன் இடிச்சுட்டான்னு எந்த வாத்தியாரும் வண்டிய விக்க மாட்டான். பிரேக் எங்க இருக்குன்னு மறுபடி சொல்லிக் குடுப்பான்."

நான் அவரைப் போல இல்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தால் கை நின்றுவிடுகிறது. என்றைக்காவது வரும், அவசரப்படுத்தாதே. ஆனால் நீ எனக்குத் தம்பி இல்லாமல் போய்விடுவாயோ என்று நினைத்தால் அதைவிடப் பயமாக இருக்கிறது. காலையில் எழுந்ததும் ஒரு நிமிஷம் அவர் குரலை மனசுக்குள் கூப்பிட்டுப் பார்க்கிறேன். முன்பெல்லாம் உடனே வரும். இப்போது கொஞ்சம் தாமதமாக வருகிறது.

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் எனக்குப் போன் செய். எழுத உட்கார்ந்தால் உனக்குக் கை வராது என்றால் எழுத வேண்டாம், சொல். நான் ஒன்றும் தெரியாதவளாகக் கேட்கிறேன். எதைத் திறக்க வேண்டும், எதை எடுக்க வேண்டும், எங்கே வைக்க வேண்டும், வைத்தது பத்திரமாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குப் புரியும்வரை திரும்பத் திரும்பச் சொல். நீ சொல்லச் சொல்ல அணில் டைப் அடிப்பாள், நீ அதை உன் பக்கத்தில் போட்டுவிடு. வேறு எதையும் கேட்க மாட்டேன். அத்தானைப் பற்றிப் பேச மாட்டேன், அழ மாட்டேன், உன்னை அழ விடவும் மாட்டேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார், அதை மட்டும் நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நீயும் உன் மனைவியும் குழந்தையும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்க வேண்டும். குழந்தையைத் தூக்கு, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஏதாவது பேசு. எங்களிடமும் பேசு தம்பி. இந்த வீட்டில் ஒரு குரல் போனது போதும்.

போன் பக்கத்திலேயே இருக்கும்,
அக்கா